சௌனாக் கொட்டாயில் ஒரு பின் ஆக்ஸில்

இல்லீங்க ஜட்ஜம்மா, கேள்வி நல்லாவே புரிஞ்சுது. குத்தம் பண்ணினேனா இல்லியான்னு கேக்கறீங்க. பண்ணினேன். அம்பத்தஞ்சு மைல் போட்டிருக்கற ரோட்டுல அறுபத்தேழுல போனேன். எழுதிக்கோங்க. அந்தப் போலீஸ்காரத் தம்பி மேல ஒரு தப்பும் கிடையாது, ரொம்ப மரியாதையாத்தான் பேசுச்சு. இந்த கவர்மெண்டு வக்கீல் சார் ஏன் தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காருன்னா, வெளிய வராந்தாவுல எனக்கு ஒரு நல்லது பண்ணப் பாத்தாரு. நான் வேண்டாம்னுட்டேன். அதான்.

என்ன நல்லதா? வண்டியில வேகம் காட்டுற முள்ளு தப்பாக் காட்டுது. ஒரு ஒர்க்‌ஷாப்புல காட்டி, ஆமா தப்புதான்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்க, இந்த அபராத டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுடறேன்னாரு. வேண்டாங்க சார்னேன். இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பொம்பளையப் பாத்ததே இல்லியாம்.

காரணம் சொல்லியே ஆகணுமா? பின்னாடி ஆறு பேரு காத்திருக்காங்களே. அந்தத் தொப்பிக்காரரு மான் சுடக்கூடாத மாசத்துல சுட்டுட்டாராம், இப்பத்தான் சொன்னாரு. அவருக்கு அவசரமில்லியாம், பாருங்க, சிரிக்கிறாரு. சரி, சொல்றேன்.

அந்த சர்ட்டிபிகேட்டுல என்னன்னு எழுதுவாங்க? பின் ஆக்ஸில், பின் சக்கரம் ரெண்டையும் சுத்தற அச்சு, தப்பானதை மாட்டியிருக்குன்னு எழுதுவாங்க. மாட்டினது எங்க வீட்டுக்காரரு, ரெய்னோ. முப்பத்தொரு வருஷம் இந்த ஊரு கேரேஜுல ஆக்ஸில் வேலை மட்டுமே பாத்தவரு. உங்க அப்பா வச்சிருந்த அந்தப் பச்சை டிரக்குக்குக்கூட அவருதான் பேரிங் மாத்தினாரு, உங்களுக்கு ஞாபகம் இருக்காது, நீங்க அப்ப சின்னப் பொண்ணு. அந்த மனுஷன் பேருல அப்படி ஒரு காயிதம் வரக்கூடாது. அவ்வளவுதான் என் வழக்கு.

பத்தாதா? சரி, முழுசாவே கேளுங்க.

எங்களுது எண்பத்தஞ்சாம் வருஷத்து பிக்கப். இஞ்சின் இன்னும் பூனை மாதிரி கொர்ருங்குது. ஆனா இந்த மிச்சிகன் பனிக்கு ரோட்டுல கொட்டுறாங்களே உப்பு, அது வண்டிய அடியிலேர்ந்து தின்னும். போன ஜனவரியில ரெய்னோ அடியில படுத்து ஸ்குரூடிரைவரால ஒரு குத்துக் குத்தினாரு. பின் ஆக்ஸில்ல ஸ்பிரிங் உக்கார்ற எடம், அப்படியே பிஸ்கட் மாதிரி உள்ள போயிருச்சு. வெர்னா, இது செத்துப் போச்சு, வேற ஆக்ஸில்தான்னாரு. நான் வேற வண்டிதானேன்னேன். ஒரு பார்வை பாத்தாரு பாருங்க, என்னையே மாத்தச் சொன்ன மாதிரி.

ஜெர்வே வச்சிருக்கானே காயலான் கடை, அங்க போனோம். பனிக்குள்ள பாதி புதைஞ்சு நாப்பது வண்டி. அதுல எங்களுக்கு ஒத்து வர்ற ஆக்ஸில் ஒண்ணு கிடைச்சுது. பின்பக்கத்துல சுரைக்காய் மாதிரி உருண்டையா ஒண்ணு தொங்கும் பாத்திருப்பீங்க, அதோட மூடியில ஒரு சின்னத் தகரப் பட்டை இருக்கும். அதுல நம்பர் புடைச்சு இருக்கும். ரெய்னோ கையுறையக் கழட்டிட்டுத் தடவிப் பாத்தாரு. மூணு புள்ளி ஏழு மூணு, நம்மளோடதேதான், கழட்டுன்னாரு. கழட்டினது யாரு? நாந்தான். அவரு நட்டு போல்ட்டுக்கெல்லாம் எண்ணெய் அடிச்சாரு, நான் நெம்பினேன். அறுபத்தி நாலு வயசு எனக்கு. ஜெர்வே சூடா காப்பி குடிச்சுக்கிட்டே வேடிக்கை பாத்தான், படுபாவி.

அந்த நம்பர் என்னன்னு சொல்லிடறேன், இல்லேன்னா மத்தது புரியாது. இஞ்சின்லேர்ந்து பின்னாடி ஒரு நீள ஷாஃப்ட் வருதில்ல, அது எத்தனை சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து சுத்தும்ங்கறதுதான் அந்த நம்பர். எங்களுது மூணே முக்கால் சுத்து, வச்சுக்கோங்களேன். வேகம் காட்டுற முள்ளுக்குச் சக்கரத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஷாஃப்ட் எவ்வளவு சுத்துதோ அதை வச்சுத்தான் காட்டும்.

அப்புறம் அதைக் கொண்டாந்து எங்க வச்சாருங்கறீங்க? நாங்க நீராவியில குளிக்கற சௌனாவுக்குள்ள! ஆமாம்மா, நீங்க சிரிப்பீங்க, எனக்கு வந்த கோவம் எனக்குத்தான் தெரியும். சனிக்கிழமை அந்த நீராவியில உக்காந்து எந்திரிக்கலேன்னா எங்க ஆளுங்களுக்கு ஞாயித்துக்கிழமை விடியாது. ஷெட்டுல வச்சா விரல் உறைஞ்சு போவுது, பெயிண்ட் காயாது, சௌனாக் கொட்டாயில அடுப்பு இருக்குங்கறாரு. நாங்க உக்கார்ற பெஞ்சு மேல ஆக்ஸிலு நீட்டிப் படுத்திருக்கு, பெரிய மனுஷன் மாதிரி. ஆறு வாரம்! ஒவ்வொரு சனிக்கிழமையும் துண்டை எடுத்துக்கிட்டு என் நாத்தனார் வீட்டுக்கு நடந்தேன். உன் புருஷன் யாரைக் குளிப்பாட்டிக்கிட்டிருக்கான்னு அவ கேக்காத வாரமில்ல.

ஆனா வேலைன்னா வேலைங்க. துரு மொத்தத்தையும் கம்பி பிரஷ்ஷால தேச்சு எடுத்தாரு. மூடியத் திறந்து பழைய எண்ணெய வடிச்சு, உள்ள இருக்கற பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லா விரலை விட்டுத் தடவிப் பாத்தாரு. ஒரு பல்லு மழுங்கலை, வெர்னா, இது ராஜான்னாரு. பேரிங், ஆயில் சீலு, பிரேக்கு எல்லாம் புதுசு. பேரிங்கைக் காதுகிட்ட வச்சுச் சுத்திக் கேப்பாரு, குழந்தை நெஞ்சுல காதை வைக்கற மாதிரி. கறுப்புப் பெயிண்ட் ரெண்டு கோட்டு. ஏப்ரல்ல மாட்டினோம். ஆக்ஸிலை இறுக்கிப் பிடிச்சிருக்கற யூ போல்ட்டு பழசை வெட்டி எடுக்கத்தான் ஒரு நாள் போச்சு, மத்தபடி அம்சமா உக்காந்துருச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகலை, ஒரு முனகல் கிடையாது. கேட்டுப் பாருங்க, வண்டி வெளியதான் நிக்குது.

தப்பு என்னன்னா, அந்தத் தகரப் பட்டை பொய். முன்னாடி எவனோ பளபளன்னு இருக்கட்டும்னு வேற ஆக்ஸிலோட மூடியக் கழட்டி இதுல மாட்டியிருக்கான். மூடியோட அதோட பட்டையும் வந்துருச்சு. உள்ள இருக்கறது மூணே முக்கால் இல்ல. மூணு சுத்துக்குக் கொஞ்சம் மேல. ஷாஃப்ட் கம்மியாச் சுத்தினாலே சக்கரம் முழுசாச் சுத்திரும். முள்ளு என்ன பண்ணும் பாவம், மெதுவாத்தான் போறோம்னு நினைச்சுக்கும். அது அம்பத்தஞ்சு காட்டும்போது வண்டி அறுபத்தேழுல போவுது.

எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். எங்க வீட்டுலேர்ந்து சர்ச்சுக்கு ஒம்பது மைல், முப்பது வருஷமா. மே மாசத்துல ஒரு நாள் மீட்டரைப் பாக்கறேன், ஏழரை மைல்தான் காட்டுது. நமக்கு வயசாக ஆக சர்ச்சு கிட்ட வருது போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்புறம்தான் அந்தப் போலீஸ்காரத் தம்பி நிறுத்துச்சு. என்ன வேகத்துல வந்தீங்கம்மான்னுச்சு, அம்பத்தஞ்சுன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு சொன்னேன். ரெய்னோ பக்கத்து சீட்டுல வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு. தம்பி, என் பொண்டாட்டி கால்ல ஈயம் இருக்கு, அந்தக் கனத்துலதான் பெடல் அமுங்குது, சோதனை போடுன்னாரு. அன்னிக்கு சாயங்காலமே ஊர் பூரா போயிருச்சு. சர்ச்சு சமையல் கட்டுல என்னைப் பாத்தா உர்ர்ர்னு கியர் மாத்துற சத்தம் போடறாங்க. பாதிரியாரும்தான்.

இப்பவும் அப்படியே ஓட்டறேனான்னு கேக்கறீங்களா? நல்ல கேள்வி. இல்லீங்க. முள்ளு நாப்பத்தஞ்சுக்கு வந்தா நிஜமா அம்பத்தஞ்சு. அந்த எடத்துல கண்ணாடி மேல நகப் பாலீஷ்ல ஒரு பொட்டு வச்சிருக்கேன், ரத்தச் சிவப்பு. அதைத் தாண்டமாட்டேன்.

ஆமாங்க, அதேதான் வக்கீல் சாரும் சொன்னாரு. பட்டை பொய்யா இருந்தா யார் வேணா ஏமாறலாம், இதுல ரெய்னோவுக்கு என்ன அவமானம்னாரு. வெளி ஆளுங்க அப்படிச் சொல்லலாம். கேரேஜு பசங்க சொல்லமாட்டாங்க. சர்ட்டிபிகேட் குடுக்க இந்த ஊர்ல இருக்கறது ஒரே ஒர்க்‌ஷாப்பு, அவரு வேலை பாத்த அதே எடம். வண்டியத் தூக்கி மூடியத் திறப்பாங்க. திறந்த உடனே தெரியும். பெரிய பல்சக்கரத்து ஓரத்துல நாப்பது, பதிமூணுன்னு கீறியிருக்கு. இதுல நாப்பது பல்லு, சின்னதுல பதிமூணு பல்லு. நாப்பதைப் பதிமூணால வகுத்தா மூணும் சில்லறையும். டிக்கெட்டை எடுத்துக்கிட்டு நான் போய்க் கேட்டப்ப, ஜெர்வே அந்த ரெண்டு வேகத்தையும் வச்சு சிகரெட் பெட்டியில கணக்குப் போட்டுக் காட்டினான். மூடி வேணா பொய் சொல்லும். பல்சக்கரம் சொல்லாது. ஆக்ஸில் வேலை தெரிஞ்சவன் மூடியத் திறந்ததும் முதல்ல பாக்கறது அந்த நம்பரைத்தான். அப்படியும் சந்தேகம்னா சக்கரத்துல ஒரு சாக்பீஸ் கோடு, ஷாஃப்ட்ல ஒரு கோடு, கையால சுத்தி எண்ணிடுவாங்க. ரெய்னோதான் அந்தப் பசங்களுக்கு அதைப் பழக்கினதே.

அந்தப் பசங்க கெட்டவங்க இல்லீங்க. கேலியாத்தான் கேப்பாங்க. ஏ ரெய்னோ, ஆறு வாரம் மூடியத் திறந்து வச்சிருந்தியே, நம்பரைப் பாக்கலியாம்பாங்க. அதுக்கு அவரு ஒரு பதில் சொல்லணும்.

பாக்கலியா? இல்லீங்க, பாக்கலை. கண்ணு தெரியலைங்க அவருக்கு. ஓரத்துல தெரியுது, நேராப் பாத்தா தெரியலை. ரெண்டு வருஷமா இருக்கும்னு நினைக்கிறேன்.

என்கிட்ட எங்க சொன்னாரு? நானே இந்த டிக்கெட்டுக்கு அப்புறம்தான் ஒவ்வொண்ணா யோசிச்சேன். ஜெர்வே நாப்பது பதிமூணுன்னு எழுதறான், எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா அந்த நம்பரை நான் பாத்திருக்கேன். ஆறு வாரம் கையில லைட்டைப் பிடிச்சுக்கிட்டு அரை அடி தூரத்துல நின்னவ நான். ஏதோ கம்பெனி நம்பர்னு விட்டுட்டேன். வெர்னா, அங்க என்ன எழுதியிருக்கு படின்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா படிச்சிருப்பேன். கேக்கலை. கேட்டா ஏன்னு நான் கேப்பேனே. புடைச்சிருக்கற பட்டை விரலுக்குத் தெரிஞ்சுது, அதோட நிறுத்திக்கிட்டாரு. விரலால செய்யக்கூடியது அத்தனையும் செஞ்சாரும்மா, ஒரு குறை கிடையாது. அந்த ஒரு நம்பருதான் விரலுக்கு எட்டலை.

அப்பவும் எனக்கு நம்ப முடியலை. அந்த நகப் பாலீஷை வேணும்னேதான் வச்சேன். அவரு வண்டிக் கண்ணாடியில என் விரல் பட்டாலே கத்துற ஆளு. மூணு வாரமாப் பக்கத்துல உக்காந்து வர்றாரு. அது என்ன பொட்டுன்னு ஒரு வார்த்தை கேக்கலை.

இல்லீங்க ஜட்ஜம்மா, சத்தியமா அவரு ஓட்டறதில்ல. போன ஆகஸ்ட்லேர்ந்து சாவி என் பையிலதான். அவருதான் தூக்கிக் குடுத்தாரு. நீ ஓட்டு வெர்னா, நான் வேடிக்கை பாத்துக்கிட்டு வர்றேன்னாரு. பெரிய மனசுன்னு நினைச்சேன் நான்.

எப்ப கேக்கப் போறேன்னா? நான் ஏன் கேக்கணும்? அவரா சொல்லுவாரு. சொல்ற அன்னிக்கு, அப்படியான்னு கேட்டுக்குவேன். அது கேரேஜுல நாலு பேரு நடுவுல நடக்க வேண்டாம். என் கால்ல ஈயம்னே ஊரு பேசட்டும். அதுல அவருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. நான் பொய்யும் சொல்லலை பாருங்க, அறுபத்தேழுல போனது நான்தானே?

அப்ப குத்தம்னு எழுதிக்கறீங்க. ரொம்ப நன்றிம்மா. வக்கீல் சார், நீங்களும் மனசுல வச்சுக்காதீங்க. தொப்பிக்காரரே, உங்களையும் சேத்துத்தான் சொல்றேன், இங்க பேசினது எதுவும் உங்க காதுல விழலை. அபராதம் கட்டுறது கீழ ஜன்னல்லயா? சரி.

வெளியதான் இருக்காரு, வண்டியில. உள்ள வாங்களேன்னேன். கோர்ட்டுக்குப் படி எத்தனை இருக்கும்னு கேட்டாரு. எதுக்குன்னு கேக்காம பதினொண்ணுன்னேன். நான் இங்கயே இருக்கேன், நீ போய் ஜெயிலுக்குப் போயிட்டு வான்னாரு.