மெயின் லைனு

— எழுதி வெச்சுக்குங்க சிஸ்டர். திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் வரைக்கும் பித்தப்பை வெச்சிருக்கிற அத்தனை வயித்துலயும், எந்தக் குழாய் எங்க ஓடுதுன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான்.

— வயித்துக்குள்ள விட்ட கேமராவப் புடிக்கிறதா, எழுதுறதா டாக்டர்?

— புடிங்க, அப்பறம் எழுதுங்க. நம்ம சங்கவி டாக்டர் இருக்காங்களே, பித்தப்பை எடுக்கிறப்பெல்லாம் குழாய்க்குள்ள சாயம் விட்டு, எக்ஸ்ரே பாத்துட்டுதான் வெட்டுவாங்களாம். சொந்த வீட்டு பாத்ரூமுக்கு மேப் போட்டுக்கிட்டுப் போற மாதிரி.

— அந்தோணியார் புண்ணியத்துல அவங்க இதுவரைக்கும் வழி தவறல.

— நானும்தான் தவறல. ஆயிரத்து நானூறு பை, ஒரு படம் கிடையாது. இன்னிக்கு இவரு யாரு?

— அனந்தபுரம் பச்சைமுத்து. ஜேசிபி ஓட்றவரு. நேத்து ஒரு கதை சொன்னாரே, நீங்ககூட விழுந்து விழுந்து சிரிச்சீங்க.

— ஆங், குழாய உடைச்ச கதை!

— மண்ணப் பாத்தே குழாய் எங்க போவுதுன்னு சொல்லிடுவாராம். பிளான் கீன் எதுவும் பாக்க மாட்டாராம். வீட்டு லைனுன்னு நெனச்சிக்கினு கொத்தினாரு. மெயின் லைனு. ஊருக்கே மூணு நாளு தண்ணி இல்ல.

— முட்டாள்.

— அவரு மூஞ்சிக்கு நேராவே சொன்னீங்க. ‘ஆமாங்க’ன்னாரு.

— கேமரா இன்னும் கிட்ட.

— இதுக்கு மேல போனா ஈரல்ல இடிக்கும்.

— எல்லாம் வீங்கி ஒட்டிக்கிட்டு இருக்கு. சரி, புடிச்சிட்டேன். பையிலேர்ந்து வர்ற சின்னக் குழாய். கிளிப் குடுங்க, அடைச்சிட்டு வெட்டிடலாம்.

— இந்தாங்க.

— ம்.

— டாக்டர், கிளிப்ப கையிலயே வெச்சிக்கினு இருக்கீங்க.

— சின்னக் குழாய்தானே இது?

— என்னையா கேக்குறீங்க?

— பொதுவா கேட்டேன்.

— பேஷண்டு மயக்கத்துல இருக்காரு டாக்டர். பொதுவுல நான் மட்டும்தான் இருக்கேன்.

— ஒருவேளை இது ஈரல்லேர்ந்து குடலுக்குப் போற பெரிய குழாயா இருந்து, நான் வெட்டிட்டா?

— மஞ்ச காமாலைல அவரு வண்டி கலருக்கே வந்துடுவாரு. அப்பறம் மெட்ராஸ், மறுபடி ஆப்பரேசன், பேஜாரு. பொழைக்கிறதே கஷ்டம். ரெண்டு பொண்ணுங்க வெளிய பெஞ்சுல ஒக்காந்துக்கினு இருக்குதுங்க.

— சிஸ்டர்.

— சொல்லுங்க.

— எலும்பு டாக்டர் ரூமுல ஒரு எக்ஸ்ரே மிஷின் இருக்குமே.

— தோ, வந்துட்டுது.

— அதுக்குள்ளயா?

— பக்கத்துலதான் இருந்துச்சு. ஏப்ரன் மாட்டிக்குங்க. சாயம் ஊசியில ரெடியா இருக்குது.

— சரி, பையிலயே குத்தி ஏத்துறேன். படம் எடுங்க.

— தெரியுதுங்களா? சின்னக் குழாய் அதோ மேல, ஒளிஞ்சிக்கினு இருக்குது. நீங்க புடிச்சிக்கினு இருக்கிறது...

— தெரியுது.

— மெயின் லைனு.

— தெரியுதுன்னு சொன்னேனே. விட்டுட்டேன். இதோ, சின்னதுலயே கிளிப் போட்டு வெட்டியாச்சு. நோட்ல எழுதிக்குங்க. ‘வழக்கம்போல படம் எடுத்துப் பார்த்து வெட்டப்பட்டது.’

— வழக்கம்போலங்களா?

— அடுத்தது யாரு?

— ஓமந்தூர் வீரம்மாள். அவங்களுக்கும் பித்தப்பைதான்.

— மிஷினத் திருப்பி அனுப்பாதீங்க. கதவாண்டயே நிக்கட்டும்.

— நிக்கும் டாக்டர். ஆறு வருசமா, நீங்க கத்தி எடுக்கிற நாளெல்லாம் அது அங்கதான் நிக்குது.