நீலக் கட்டம் போட்ட சட்டை

ராத்திரி ஏழு மணி இருக்கும். ஏரிக்கரை ரோட்டில் ஈ, காக்கை இல்லை. கடைசி பஸ் இவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அவர், மனைவி, ஆறு வயது மகள், இரண்டு பை... அவ்வளவுதான்.

அவர் யார் என்கிறீர்களா? நம் தெரு மெக்கானிக்கின் மச்சான். துணிக்கடையில் சேல்ஸ்மேன். தொளதொள சட்டையை மாட்டிவிட்டு, "உங்களுக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு சார்" என்பார். வாங்கினவனும் சந்தோஷமாகத்தான் போவான். பின்னால் இருப்பவர்கள் முன்னால் நகர்ந்து உட்காருங்கள். இருட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்கிற விஷயம் இல்லை இது.

ஏரி நடுவே ஒரு தீவு. அதில் ஒரே வீடு. படகுக்காரரும் அவர் மனைவியும் வெளியூர்க்காரர்களைத் தங்கவைப்பார்கள் என்று யாரோ சொல்லி, லீவு போட்டுக் கிளம்பியிருந்தார்கள். கரைக்கு வந்து ஏற்றிக்கொண்ட படகுக்காரர், பாதி தூரத்தில் துடுப்பை நிறுத்தினார்.

"சார், என் பையன் இந்தத் தண்ணியிலதான் போனான். உடம்பு கிடைக்கல. வீட்டுக்காரி இன்னும் நம்ப மாட்டேங்குறா. டவுன்ல வேலை பாக்குறான்னு சொல்லிக்கிட்டு, வர்றவங்க எல்லார்கிட்டயும் அவன பாத்தீங்களான்னு கேப்பா. பாக்கலைன்னு மட்டும் சொல்லிடுங்க. வேற எதுவும் வேண்டாம்."

சேல்ஸ்மேன் தலையாட்டினார்.

கிடைத்தது வலை போட்டுவைக்கிற அறை. ஈரச் சுவர், மீன் கவிச்சி, தரையில் ஒரு பாய். மகளுக்கு ஏற்கெனவே சளி. படுத்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. எதிரே ஒரு அறை பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் கட்டில், மெத்தை, மடித்துவைத்த கம்பளி. இறந்துபோன பையனின் அறை.

"அதைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

சாப்பாடு போடும்போது அந்த அம்மாவே பேச்சை எடுத்தார்.

"டவுன்லேருந்துதானே வர்றீங்க தம்பி? என் பையன பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஒரே சொல். சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. உள்ளே குழந்தை இருமியது. இவர் நாக்கு புரண்டது.

"பாத்தேனே. போன வாரம் எங்க கடைக்கு வந்தாரு."

அந்த அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"என்ன சட்டை போட்டிருந்தான்?"

"நீலக் கட்டம் போட்டது. புதுசு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"ஏன் ஒரு லெட்டர்கூட போடல?"

"வலது கைல அடி, கட்டு போட்டிருக்கு. சீக்கிரம் வர்றேன்னு சொல்லச் சொன்னாரு."

படகுக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போய்விட்டார்.

பூட்டு திறந்தது. அந்த அம்மா மெத்தையைத் தட்டிப் போட்டு, கம்பளியைப் போர்த்தி, குழந்தையின் தலையைத் தடவிவிட்டுப் போனார். மனைவியும் மகளும் தூங்கிப்போனார்கள். அவருக்குத்தான் மெத்தை முள்ளாகக் குத்தியது. அடுக்களையில் அந்த அம்மா மெல்லப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுகிற சத்தம். ஒரு கட்டிலுக்காகப் பெற்றவளை ஏமாற்றினோமே என்று கூசிப்போனார். விடிந்ததும் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும்...

அதற்குள் வந்துவிட்டது. நடுநிசி. தண்ணீருக்குள்ளிருந்து யாரோ ஏறுகிற சத்தம். சளக்... சளக்... பிறகு வாசல் பலகையில் ஈரக் கால்கள். பாசி வாடை அறைக்குள் வந்தது. கதவு திறந்தது. "வந்துட்டியாப்பா" என்று அந்த அம்மாவின் குரல். அப்புறம் ஒன்றும் இல்லை. வெகுநேரம்.

அறைக் கதவை விரலால் தட்டினார்கள்.

"தம்பி, கொஞ்சம் வெளிய வாங்க."

போனார். அடுக்களை ஸ்டூலில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை. புதுசு. பெட்டியிலிருந்து பிரித்த மடிப்புகூடக் கலையவில்லை. ஆனால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வலது கையில் கட்டு. படகுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தார்.

"எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே இருக்கு தம்பி" என்றார் அந்த அம்மா. "மூஞ்சி மட்டும் இல்ல. அத நீங்க சொல்லவே இல்லையே. இப்ப சொல்லுங்க."

நான் பார்க்கவே இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்த அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மகள் இருமினாள். ஸ்டூலில் இருந்தது, மெல்ல அந்தப் பக்கம் தலையைத் திருப்பத் தொடங்கியது...

"புருவம் அடர்த்தி" என்று ஆரம்பித்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். "மூக்கு ஓரத்துல மச்சம். முன்பல்லு கொஞ்சம் தூக்கல். நெத்தி ஏறியிருக்கும்." வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார். முடித்த பிறகுதான் உறைத்தது. தினமும் கடைக் கண்ணாடியில் பார்க்கிற முகம் அது. அவருடைய முகம்.

கண்ணைத் திறக்காமலே தடவித் தடவி அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிட்டார்கள். படகுக்காரர் குனிந்த தலை நிமிராமல் துடுப்புப் போட்டார். விஷயம் தெரியாத மனைவி பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். படித்துறையில் அந்த அம்மா நின்று கையசைத்தார். அப்படியொரு சந்தோஷத்தை எந்த முகத்திலும் அவர் பார்த்ததில்லை. அதற்குமேல் பார்க்கத் தைரியம் இல்லை. உண்மையைச் சொல்லாமலே போகிறோமே என்று தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் அவர் மடியில் உட்கார்ந்து தீவையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று படித்துறையைப் பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

"அப்பா, நீங்க வரலையா?"

அப்புறம் மெதுவாகத் திரும்பி, தான் யார் மடியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்தாள்.