நைதரசன் பொறி

தண்ணீர் மாதிரிகளைக் காலையிலேயே எடுத்துவிடுவது என் வழக்கம். வெயில் ஏறினால் போத்தலுக்குள்ளும் பாசி பிடித்துவிடும். அந்த வேலையில் அருந்ததியைப் போல் நேரம் தவறாத உதவியாளர் எனக்கு வாய்த்ததில்லை. இதை முதலில் பதிந்துகொள்ளுங்கள்.

கொழும்புக்குத் தெற்கே பாழாய்க் கிடந்த சதுப்பு நிலம் ஒன்றை நாங்கள் மீட்டெடுத்தோம். மேற்புற வயல்களுக்குப் போட்ட யூரியா மழையோடு வழிந்துவந்து, கீழே இருந்த ஏரியைப் பச்சைக் கூழாக்கிக்கொண்டிருந்தது. அதிலுள்ள நைதரசனை இடையில் மறித்து உறிஞ்சுவதற்காக மூன்று கோரைப் பாத்திகளை நட்டோம். அவற்றுக்கு ‘நைதரசன் பொறி’ என்று தமிழில் பெயர் வைத்தவன் நான்.

“பொறியோ? பொலிஸ்காரன்ட கண்ணில பட்டால் எங்களைத்தான் பொறிக்குள்ள போடுவான், சேர்,” என்று அருந்ததி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

1998 மாரியில் ஒரு நாள், அளவுகளைக் குறித்துவைக்கும் கொப்பியோடு என் அறைக்கு வந்தாள்.

“சேர், உள்ள வாற நைதரசனை விட வெளியில போறது கூடவா இருக்கு. கோரை செத்து அழுகி, குடிச்சதையெல்லாம் கக்குது. அறுத்து அகற்றினால் சரிவரும்.”

“கருவி பிழையாயிருக்கும், பிள்ளை.”

“மூண்டு தரம் பார்த்தனான், சேர். வாற கிழமைக் கூட்டத்தில சொல்லத்தான் வேணும்.”

பொறிகள் நைதரசனில் நூற்றுக்கு அறுபது வீதத்தைப் பிடிக்கின்றன என்று என் அறிக்கை ஏற்கெனவே மேலிடத்துக்குப் போய்விட்டிருந்தது. திட்டம் தோற்றால் நிலத்தை நிரப்பி வீடு கட்டக் காத்திருந்தோரும் பலர். என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தண்டவாளத்தை ஒட்டி வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை நடந்தேன்; திரும்பி வந்து மறுபடி நடந்தேன். சதுப்பைப் பற்றிய கவலைதான்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, அவள் தங்கியிருந்த வெள்ளவத்தை விடுதியைப் பொலிசார் சோதனையிட்டார்கள். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையும் அந்தக் கொப்பியும் அகப்பட்டன. அவளுடைய மேலதிகாரி என்பதால், கொப்பியை வாசித்து விளங்கப்படுத்த என்னைப் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்தார்கள். நானாகப் போய் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பொறுப்பதிகாரி ஒரு வரியில் விரல் வைத்தார்: ‘மூன்று பொறிகளும் வைத்தாயிற்று. யூரியா கூட. மழையோடு வேலை தொடங்கும்.’

யூரியாவால் குண்டு செய்யலாம் என்று வடக்குக்கு அதைக் கொண்டுபோகவே தடை இருந்த காலம். பொறி என்றால் எலி பிடிப்பது, இயந்திரம், நெருப்புத் துளி என்றெல்லாம் பொருள் உண்டு. யுத்தம் இன்னொரு பொருளையும் கொடுத்திருந்தது. அந்தக் கடைசிப் பொருளை நான் சிங்களத்தில் சொன்னேன்: மிதித்தால் வெடிப்பது.

அவர் நல்ல மனிதர். பேனையை மூடாமல் காத்திருந்தார். “வேறு கருத்து ஒன்றும் இல்லையா, மாத்தயா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

சுவரோர வாங்கில் உட்கார்ந்தபடி அருந்ததி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிங்களம் விளங்காது. அவளுடைய ஆங்கிலம் அவருக்கு விளங்கவில்லை.

“தண்ணி விசயம் எண்டு சொல்லுங்கோ, சேர்,” என்றாள்.

இல்லை, வேறு கருத்து இல்லை என்று அவருக்குச் சொன்னேன்.

பிறகு அவளை எங்கே கொண்டுபோனார்கள் என்பது எனக்குத் தெரியாது. தாயார் றஞ்சிதம் இன்னமும் முகாம் முகாமாக விசாரித்துத் திரிகிறாராம்.

தை மாதத்தில் கோரையை அறுப்பித்தேன். வெளியேறும் நீர் தெளிந்தது. பிடிபட்ட அளவு அறுபதைத் தாண்டியது. நிலம் பிழைத்துக்கொண்டது. புதிய அறிக்கையின் முகவுரையில், அறுக்கும் யோசனையைத் தந்த உதவியாளர் ஒருவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். பெயரை மட்டும் போடவில்லை. அவளுடைய பாதுகாப்பை நான் யோசிக்க வேண்டியிருந்தது.