பேய்க்குப் பதிலாக ஓர் ஆள்

இந்த அறையில் சன்னலைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறார்கள். பதினொரு மணி வெயில் மேசைமேல் பக்கவாட்டில் விழுகிறது. படப்பிடிப்பில் இப்படி ஒரு வெளிச்சத்துக்கு நாங்கள் விளக்குகளோடும் வெள்ளைத்துணியோடும் அரை நாள் மல்லுக்கட்டுவோம். உங்களுக்குச் சும்மா கிடைத்திருக்கிறது.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எழுதுகிறவருக்குக் கை வலிக்காத வேகத்தில் சொல்கிறேன்.

நான் பதிமூன்று வருடம் உதவி இயக்குநராக இருந்தவன். சொந்தமாக எடுத்த முதல் படம் மூன்றாம் நாளே தியேட்டரைவிட்டுப் பெட்டிக்குள் போய்விட்டது. அதன் பிறகு ஆறு வருடம் ஒருவரும் கூப்பிடவில்லை. மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து வீட்டை ஓட்டினாள். நான் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன். வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே கேட்காது என்று நினைத்திருந்தேன். கேட்டிருக்கிறது.

அப்போதுதான் அக்காவின் நாவல் கையில் கிடைத்தது. கூடப்பிறந்த அக்கா இல்லை, பழகிய பிறகு வந்த முறை. அவர் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் தவறிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. மாடி வைத்த சின்ன வீட்டில் தனியாக இருந்தார். நாவலும் அப்படித்தான். தனியாக இருக்கும் ஒரு பெண். அவள் வீட்டில் பொருள்கள் இடம் மாறுகின்றன. செத்துப்போன கணவர் திரும்பி வந்திருக்கிறார். ஒன்பது முறை படித்தேன். தேடிப்போய்ப் பார்த்தேன், பேச்சு நன்றாக ஒட்டிக்கொண்டது. நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார். படமாக்கும் உரிமையைக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: கதையை மாற்றுவதானால் அவர் கையெழுத்து வேண்டும்.

தயாரிப்பாளர் கதையைக் கேட்டுவிட்டு, "பேய்ப்படம் எல்லாம் சலிச்சுப்போச்சு. பேயை எடுத்துட்டு ஒரு ஆளைப் போடுங்க. திரில்லரா மாத்துங்க. பத்து நாள்ல வாங்க, இல்லன்னா நான் வேற டைரக்டரைப் பாத்துக்கறேன்," என்றார்.

அக்கா சம்மதிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "ஆள்னா வெறும் பயம் தம்பி. இது பயம் இல்ல, ஏக்கம். அது உங்க தயாரிப்பாளருக்குப் புரியாது," என்றார்.

அன்று மனைவி துணி மடித்துக்கொண்டே, "இதுவும் கவுந்துச்சுன்னா பேசாம எங்கப்பா கடையில உக்காந்துடுங்க. நான் குத்திக்காட்டல. முடியல, அவ்ளோதான்," என்றாள். அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டை அளந்து வரைபடம் போடுவதற்காக அக்கா எனக்கு ஒரு சாவி கொடுத்திருந்தார். மறுநாள் அவர் வெளியே போன நேரத்தில் உள்ளே போனேன். எதையும் எடுக்கவில்லை. அவர் கணவரின் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்தேன். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மேசையிலிருந்து கட்டிலுக்கு மாற்றினேன். ஆள்தான் பயம் என்பதை அவரே உணரட்டும் என்பதுதான் எண்ணம். வாதம் செய்து புரியவைக்க முடியாததைக் காட்டிப் புரியவைப்பது என் தொழில்.

மாலையில் அவரே கூப்பிட்டார். அந்தக் குரலை நான் எதிர்பார்க்கவில்லை. இருபது வயதுப் பெண்ணின் குரல். "தம்பி, யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவரு வந்துட்டுப் போயிருக்காரு."

அடுத்த நாளிலிருந்து வெளியே போகும்போது மேசையில் ஒரு குவளைத் தேநீரை மூடி வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். நான் அதைப் பாதி குடித்து வைத்தேன். அவர் போனில் அழுதார், சிரித்தார், புதுச் சேலை கட்டியிருப்பதாகச் சொன்னார். எனக்கோ கெடு முடிய மூன்று நாள்தான் இருந்தது. என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் செய்வதெல்லாம் அவர் பக்கத்தையே வலுவாக்கிக்கொண்டிருந்தது.

எனவே எட்டாம் நாள் தேநீரை முழுதாகக் குடித்துவிட்டு, குவளைக்குள் ஒரு சிகரெட்டை அணைத்துப் போட்டேன்.

"தம்பி," என்றார் போனில். "அவரு சிகரெட்டே தொடமாட்டாரு."

உங்கள் நிலையத்துக்குத்தான் புகார் கொடுக்க வந்தார். கதை எழுதுகிறவர் என்றதும் சிரித்து அனுப்பிவிட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. என்னிடம் வந்தார். கதையை மாற்றும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். "நீங்க சொன்னதுதான் சரி. அவரு வந்தாருன்னு நெனச்சு ஒரு வாரம் தலை சீவி உக்காந்திருந்தேன் பாருங்க," என்றார். பூட்டை மாற்றினார். புதுப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றை என்னிடம் கொடுத்தார். "யாராவது ஒருத்தராச்சும் வந்து பாக்கணும்ல."

அங்கே நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள். நிறுத்தினேன். நான்கு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. படப்பிடிப்பு நடந்தது. எடுத்தவரை போட்டுப் பார்த்த தயாரிப்பாளர், "முதல் பாதியில உக்கார முடியல, அவ்ளோ பயம். கிளைமாக்ஸ் மட்டும் நமுத்துப்போயிருக்கு," என்றார். உண்மைதான். முதல் பாதி முழுக்க நான் பார்த்து எழுதியது. வீட்டுக்குள் ஓர் ஆள் நிற்கிறான் என்று தெரிந்ததும் அந்தப் பெண் என்ன செய்வாள் என்பது எனக்குத் தெரியாது. பதினான்கு விதமாக எழுதினேன். நடிகை ஒவ்வொன்றையும் செய்துகாட்டினார். எல்லாம் பொய். கிளைமாக்ஸை வேறு ஆளை வைத்து எடுத்துக்கொள்ளலாமா என்று தயாரிப்பாளர் கேட்கத் தொடங்கியிருந்தார்.

மழையால் படப்பிடிப்பு ரத்தான ஒரு பிற்பகல். மூன்று மணி. அக்கா கடைக்குப் போயிருந்தார். நான் மாடி அறையில் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றேன். என் ஈரக் காலடிகள் வாசலிலிருந்து மாடிவரை இருந்தன. அவற்றைத் துடைக்காமல் விட்டேன். அவை தேவைப்பட்டன.

வந்தார். பையைக் கீழே வைத்தார். காலடிகளைப் பார்த்திருப்பார், ஒரு நிமிடம் சத்தமே இல்லை. வெளியே ஓடுவார் என்று எழுதியிருந்தேன். அவர் மேலே வந்தார். ஏன் என்று இன்றுவரை புரியவில்லை. ஒருவேளை இன்னும் கொஞ்சம் ஆசை மிச்சம் இருந்ததோ என்னவோ. அறை வாசலில் நின்றுகொண்டு போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சத்தத்தை நிறுத்தியிருந்தேன், அலமாரி மரத்தில் பட்டு உர்ரென்றது. அக்கா அழைப்பைத் துண்டித்தார். உர்ரும் நின்றது.

பிறகு அவர் செய்ததை எந்த எழுத்தாளனாலும் யோசித்திருக்க முடியாது. அதே எண்ணை மறுபடி கூப்பிட்டார். மறுபடி உர்ரென்றது.

"தம்பியா?" என்றார். மிக மெல்ல. உடம்பு சரியில்லாதவரைக் கேட்பதுபோல.

நான் வெளியே வந்தேன். அவர் திரும்பி ஓடினார். ஈரப் படியில் கால் வழுக்கியது. நான் தொடவில்லை, அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் விழுந்து கிடந்தார். இடுப்பு ஒருபக்கமாகத் திரும்பியிருந்தது, தலைக்குப் பின்னால் ரத்தம். நான் இரண்டு படி மேலே உட்கார்ந்தேன்.

"படத்துக்கா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, பக்கத்துப் படியில் வைத்தார். என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். நாற்பத்திரண்டு நிமிடம் ஆனது. படத்தில் அதை நான்கு நிமிடமாகச் சுருக்கினேன்.

மழை ஈரத்தில் வழுக்கி விழுந்தார் என்று நீங்களே எழுதி முடித்தீர்கள். அடக்கத்துக்கு எல்லா ஏற்பாடும் நான்தான் செய்தேன். அவருடைய அண்ணன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முதலில் உடலைப் பார்த்தவள் அவள். மடித்த கண்ணாடியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள், யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடமும்கூட. பிறகு படம் வந்தது. ஊரெல்லாம் ஓடியது. மூன்றாவது வாரம் அவள் பார்த்தாள். படிக்கட்டில் கிடக்கும் பெண் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் படியில் வைப்பதைப் பார்த்தாள். நேரே உங்களிடம் வந்துவிட்டாள். அந்த ஒரு அசைவை நான் விட்டுவிட்டிருக்கலாம். மனசு வரவில்லை. அதைப்போல ஒரு அசைவு வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் படத்திலிருந்து வெட்டினேன். அக்கா கடைசியாகச் சொன்னது: "ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க தம்பி. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உங்க படம் நிக்காது." நடிகையை வைத்து அதையும் எடுத்தேன். எடிட்டர், "இப்படி எந்தப் பொம்பளை சார் பேசுவா? யாரும் நம்பமாட்டாங்க," என்றார். வெட்டிவிட்டோம்.

மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் சாகவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்துங்கள். அவர் சொல்லியிருக்கமாட்டார். எனக்கு அவரைத் தெரியும்; அதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. போன் என் கையில்தான் இருந்தது. காட்சி இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்.