உறவு முறிந்த விதம்

இல்லக்கா, அங்க போய் நிக்காதீங்க. அது விசாரணை கவுண்டர். அங்க கேட்டா மூணாம் நம்பருக்குப் போங்கம்பாங்க, மூணாம் நம்பர்ல கேட்டா விசாரணைல கேளுங்கம்பாங்க. நாள் பூரா பந்து விளையாடுவாங்க, பந்து நாமதான். இப்படி உக்காருங்க. டோக்கன் எடுத்துட்டீங்களா? எண்பத்தி மூணா? அப்ப சாப்பாட்டு நேரம் தாண்டித்தான். எனக்கு எழுபத்தி ஒண்ணு. இப்ப அறுபத்தி ஆறு ஓடுது.

பையனுக்கா? முதல் வருஷமா? ரொம்ப சந்தோஷம். ஐயோ, நக்கல் இல்லக்கா, என் மூஞ்சியே அப்படித்தான்.

சத்தமா பேசுறேனா? எங்க வீட்டுல எல்லாமே சத்தம்தான். எங்கப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷமா மெஷின் ரூம்லயே கிடந்து ரெண்டு காதும் மந்தம். காதுல மெஷின் மாட்டினாலும் உப்பு போதுமான்னு கேக்குறதுக்கே தெருக்கோடிக்குக் கேக்குற மாதிரி கத்தணும். அப்படி வளர்ந்த தொண்டை. கடைசி வரிசை வரைக்கும் கேக்குதா? கேக்கட்டும், எனக்கென்ன.

நில்லுங்க நில்லுங்க, அந்தக் கட்டத்துல பேனாவ வைக்காதீங்க. பெற்றோரின் மாத வருமானம்னு போட்டிருக்கே, அதுலதான். வழக்கமா வர்ற சம்பளத்த மட்டும் எழுதுங்க. சும்மா சொல்லலக்கா, பட்டுட்டுச் சொல்றேன்.

இந்த ஒரு கட்டம்தான் என் வாழ்க்கையையே கவுத்துச்சு. நான் அப்ளிகேஷன் போட்ட மாசம், ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில நாலு லிஃப்டும் ஒண்ணா படுத்துக்கிச்சு. அப்பா பதினெட்டு நாள் வீட்டுக்கே வரல. அங்கயே தூங்கி அங்கயே எழுந்து வேலை. அந்த மாசம் மட்டும் சம்பளச் சீட்டுல ரெண்டு மடங்கு. நான் சொன்னேன், அப்பா, இது ஓவர்டைம், இத எழுதாத, வழக்கமா வர்றத எழுதுன்னு. மனுஷன் கேக்கணுமே! முப்பது வருஷத்துல முதல் தடவையா என் சீட்டுல இப்படி ஒரு நம்பர் வந்திருக்கு, எவனாவது நீ எவ்ளோ சம்பாதிக்கிறன்னு கேக்க மாட்டானான்னு இருந்தேன், கவர்மெண்டே கேக்குதுன்னாரு. நல்லா அழுத்தி, குண்டு குண்டா எழுதினாரு. கீழ கோடு வேற போட்டாரு.

போச்சு. வருமானம் வரம்புக்கு மேலன்னு உதவித்தொகை கிடையாது. லோன் மட்டும் வாங்கிக்கோன்னுட்டாங்க. லோன் பாதி ஃபீஸுக்குத்தான் வந்துச்சு. மீதிக்கு எங்க போறது? திருத்தம் பண்ணித் தாங்கன்னு இதே கவுண்டர்ல கெஞ்சினேன். கையெழுத்துப் போட்டது நீங்கதானேங்குறான். ஆமா சார், கையெழுத்து நாங்க போட்டதுதான், அந்த லிஃப்ட நாங்களா உடைச்சோம்னேன். அடுத்த டோக்கன்னுட்டான். ரெண்டு வருஷம் முன்னாடி நடந்தது. அந்த ஆள் இன்னும் அதே சேர்லதான், பாருங்க, அந்த வழுக்கை.

அறுபத்தி எட்டு வந்துடுச்சா? பரவால்ல, இன்னைக்கு வேகமாத்தான் போகுது.

அப்புறம் என்ன? வீட்டுல சண்டை. நான் வாய அடக்க மாட்டேன். உன் பெருமைக்கு என் படிப்பக் காவு குடுத்துட்டன்னு கத்தினேன். அவரும் கத்தினாரு. கடைசில எனக்கும் உனக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு எழுதியே குடுத்துட்டாரு. அந்தக் கடுதாசிய வச்சுத்தான் எனக்கு உதவித்தொகையே வருது. வீட்டத் தொலைச்ச பிள்ளைங்களுக்குன்னு தனியா ஒரு ஃபாரம் இருக்கு, நீலக் கலர். அதுல அப்பன் சம்பளத்தக் கணக்குல சேக்க மாட்டாங்க. அம்மாவா? அவங்க நான் ஏழாவது படிக்கும்போதே போயிட்டாங்க.

அழுகையெல்லாம் இல்லக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன்! மூணு வேளையும் சாப்பிடுறேன். ரூம்ல ரெண்டு பேர்தான், ஜன்னல் இருக்கு, காத்து வருது. நடுவுல ஒரு காய்ச்சல், பதினோரு நாள். அதுவும் சரியாப் போச்சு, ரத்தமெல்லாம் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல. போன செமஸ்டர்ல வகுப்புலயே மூணாவது. மூணாவது! லேப் டெக்னீசியன் படிப்பு. ஊசி குத்தி ரத்தம் எடுக்க இப்பெல்லாம் கை நடுங்குறது இல்ல. முதல் நாள் நான்தான் மயங்கி விழுந்தேன், அது வேற கதை.

கேக்காமயே எல்லாம் சொல்றேனா? அப்படித்தான்க்கா, வாய் நின்னா மூச்சு நின்னுடும்.

படிச்சு முடிச்சா வேலையா? நல்ல ஜோக். எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி முடிச்ச சீனியர் அக்கா ஒருத்தி துணிக்கடையில பில் போடுறா. லோன் மட்டும் மாசம் தவறாம அவ சம்பளத்துல வாய வைக்குது. அதோ போஸ்டர்ல பட்டம் வாங்கின தொப்பிய தூக்கிப் போட்டுச் சிரிக்கிறா பாருங்க ஒருத்தி, அவளாவது தவணைய முடிச்சிருப்பாளான்னு ஒவ்வொரு தடவையும் யோசிப்பேன்.

எழுபது. அடுத்தது நான்தான்.

அக்கா, கொஞ்சம் கிட்ட வாங்க. உங்களப் பாத்தா போட்டுக் குடுக்குற ஆள் மாதிரி தெரியல. குடுத்தாலும் குடுங்க, நான் களைச்சுப் போயிட்டேன்.

சண்டையெல்லாம் ஒண்ணும் நடக்கல. நடந்துச்சு, ஒரு நாள். மறுநாளே தோசைக் கல்லு மாதிரி ஆறிப் போச்சு. அந்தக் கடுதாசிய நான்தான் சொல்லச் சொல்ல அவர எழுத வச்சேன். நீல ஃபாரத்துல உறவு முறிந்த விதம், விவரிக்கவும்னு நாலு வரி விட்டிருப்பாங்க. அந்த நாலு வரிய நிரப்ப ஒரு ராத்திரி ஆச்சு. திமிர் பிடிச்சவள்னு எழுதுப்பான்னேன், எழுதினாரு. வாயாடின்னேன், அது உண்மைதானேன்னு சிரிச்சுக்கிட்டே எழுதினாரு. இவ எனக்குப் பொண்ணே இல்லன்னு எழுதுன்னேன். பேனாவ வச்சுட்டு எழுந்து போயி, ஒழுகாத குழாய ஸ்பேனர் போட்டு முடுக்க ஆரம்பிச்சுட்டாரு. அரை மணி நேரம் முடுக்கினாரு. வந்து எழுதினாரு. கோடெல்லாம் போடல.

மாட்டிக்கிட்டா வாங்கின உதவித்தொகை மொத்தமும் கடனா மாறிடும், காலேஜும் போயிடும். ஃபோன் பேசின லிஸ்ட் கேப்பாங்க. அக்கம்பக்கத்துல விசாரிப்பாங்க. அதனால பதினாலு மாசமா ஒரு வார்த்த பேசல. படிப்பு முடிஞ்சாலும் விடுதலை இல்ல, லோன் அடையுற வரைக்கும் கண்காணிப்புதான். எத்தன வருஷம்னு கணக்குப் போட்டேன். அப்ப அவருக்கு எழுபது ஆயிடும். அதுக்கப்புறம் கணக்குப் போடல.

இன்னைக்கு வருஷாந்திர மறுவிசாரணை. ரெண்டு தரப்பையும் தனித்தனியா கேப்பாங்க. இன்னும் பொண்ணு வேணாம்தானான்னு அவர்கிட்ட. இன்னும் அப்பா வேணாம்தானான்னு என்கிட்ட.

ஆமா. கடைசி வரிசை, செவுத்து ஓரம், சாம்பல் சட்டை. திரும்பாதீங்க! அந்த வழுக்கை பாத்துக்கிட்டே இருக்கான். அவர்தான். நான் வர்றதுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்காரு. பக்கத்துல போய் நான் நல்லா இருக்கேன்னு சொல்ல முடியாது. அதான் உங்ககிட்ட சொன்னேன், இவ்ளோ சத்தமா. காய்ச்சல், ஜன்னல், மூணாவது, எல்லாம். மன்னிச்சுக்கோங்க, உங்க காது வலிச்சிருக்கும்.

சட்ட பட்டன ஒண்ணு மாத்திப் போட்டிருக்காரு, பாத்தீங்களா? எப்பவும் அப்படித்தான், காலைல நான் சொன்னாத்தான் சரி பண்ணுவாரு. நான் உள்ள போனதும் நீங்க தண்ணி குடிக்கப் போற மாதிரி அந்தப் பக்கம் போங்க. ஐயா, பட்டன் மாறியிருக்குன்னு சொல்லுங்க. நீங்களாவே பாத்த மாதிரி. பொண்ண வேணாம்னு சொல்ற ஆளு சட்டையாவது ஒழுங்கா போட்டுக்கிட்டுச் சொல்லட்டும்.

இருங்க. தலையத் திருப்புறாரு.

அக்கா, அவர் காதுல மெஷின் இருக்கா? உங்களுக்குத் தெரியுதா? இந்தப் பக்கக் காதுல. மாட்டிதான இருக்கணும். அந்தப் பக்கமும் இல்லையா?

பேட்டரி தீந்து கழட்டி வச்சிருப்பாரு. அத மாத்துறது நான்தான். மூடி ரொம்பச் சின்னது, ஸ்பேனர் பிடிச்ச விரலுக்கு அது அகப்படாது.

எழுபத்தி ஒண்ணு, என்னோடதுதான். ஆமா சார், இதோ வர்றேன்! உங்க டோக்கன பத்திரமா வச்சுக்கோங்க. அப்புறம், பட்டன் விஷயம், தள்ளி நின்னு சொல்லாதீங்க. ரொம்பப் பக்கத்துல போய்ச் சொல்லணும்க்கா.