வாயிற்காவலன் வேடம்

முதல் பாகத்தைவிட இரண்டாம் பாகம் எழுதுவதுதான் கஷ்டம் சார். முதல் பாகத்தில் நாயகன் யாரென்று யாருக்கும் தெரியாது, நாம் சொல்வதுதான். இரண்டாம் பாகத்தில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி. கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறோம். 'ஏழு மதில்' என்று ஒரு மாயராஜ்யக் கதை. ஆடுகிறவர்தான் நாயகன், அவர் எடுக்கும் முடிவுப்படி கதை போகும். கதை எழுதுவது நான். முதல் பாகத்தில் நாயகன் வில்வீரன். போர் முடிந்துவிட்டது, இனி அவனுக்கு என்ன வேலை கொடுப்பது? அதற்குத்தான் கூட்டம் போட்டோம். ஒருத்தர் வைத்தியன் என்றார், ஒருத்தர் தளபதி என்றார். நான் வாயிற்காவலன் என்றேன். வெள்ளம் கோட்டையைச் சூழ்கிறது, வெளியே ஒரு பெண் கதவைத் தட்டுகிறாள், திறந்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். திறப்பதா வேண்டாமா?

எங்கள் மேலாளர் திவ்யாவுக்கு உடனே பிடித்துவிட்டது. கை தூக்கச் சொன்னார். ராகவனும் தூக்கினார். அவர் தூக்கியதை நான் குறிப்பாகப் பார்த்தேன்.

ராகவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபீஸில் எனக்கு மூத்தவர், அயனம்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்துக்குச் சங்கச் செயலாளர். அவர் சொல்லித்தான் நானும் எழிலரசி அக்காவும் அங்கே குடிபோனோம். அதுவரை ஆவடி குவார்ட்டர்ஸ். அப்பா டாங்கி தொழிற்சாலையில் இருந்தவர். முந்தின வருஷ மழையில் ஏரி நிரம்பித் தெருவுக்கு வந்தது. ராகவன் கேட்டைப் பூட்டி, மணல் மூட்டை அடுக்கி, சாவியோடு மாடிக்குப் போய்விட்டார். கீழே எல்லாருடைய காரும் நின்றது, அவருடையது புதுசு. அக்கா வேலை முடிந்து வந்து தட்டியிருக்கிறாள். யாரும் திறக்கவில்லை. பின்பக்கம் சுற்றிப் போகப் பார்த்து, மூடியில்லாத கால்வாயில் விழுந்துவிட்டாள். விபத்து என்று எழுதி முடித்தீர்கள்.

"மழைச் சத்தத்துல கேக்கலப்பா. கேட்டிருந்தா தொறக்க மாட்டேனா?" என்றார் ராகவன், அக்காவுக்கு மாலை போட்டுவிட்டு. நான் தலையாட்டினேன். அன்றைக்கே அந்த ஆளை விடக்கூடாது என்று தீர்மானித்துவிட்டேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வசனம் எழுதியதும் ஆபீஸ் ஆட்களே தற்காலிகமாகப் பேசிப் பதிவு செய்வோம். பிறகு நல்ல கலைஞர்களை வைத்து மாற்றிவிடுவோம். முதல் பாகத்தில் மாற்ற நேரமில்லாமல் ராகவன் குரலே தங்கிவிட்டது. ஆடியவர்களுக்கு அந்தக் குரல் பிடித்துப்போயிற்று. ஆகவே நாயகனுக்கு நான் எந்த வேலை கொடுத்தாலும் பேசப்போவது அவர்தான். இது தெரிந்துதான் அந்த வேடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

பதிவு செய்யும்போது எதிராளி வசனத்தைக் காதில் ஓடவிடுவோம், அப்போதுதான் பதில் பொருந்தும். ராகவன் காதில் ஒரு பெண் குரல் ஓடியது: "கீழ வந்து கேட்டைத் தொறடா." திவ்யா சிரித்துவிட்டு, "மெட்ராஸ் பேச்சு நல்லா கீது, அப்படியே வை" என்றார். ராகவன் சிரிக்கவில்லை. "யாருப்பா இந்தப் பொண்ணு?"

"தற்காலிகக் குரல்தாண்ணா. மாத்திடுவோம்."

மாற்றவில்லை. திறக்கிற முடிவுக்கு ஒரு பதில், திறக்காததற்கு ஒரு பதில், தயங்குவதற்கு ஒரு பதில். கோபமாக, அழுகையாக, அலட்சியமாக. தினமும் அவரைக் கதவுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினேன். ஒருநாள் பாதியில் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "பால்கனியிலேர்ந்து பாத்தேன் சிவா. யாரோ கை காட்டினாங்க. ரோட்ல போறவங்கன்னு நெனச்சிட்டேன். உங்கக்கான்னு தெரியாதுப்பா" என்று குலுங்கி அழுதார். தண்ணீர் கொடுத்தேன். "குரல் நல்லா உடைஞ்சிருக்குண்ணா. அப்படியே இன்னொரு டேக் போயிடலாம்" என்றேன். போனார். அதுதான் இருப்பதிலேயே சிறந்த பதிவு.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் போயிற்று. நாயகனை வைத்தியனாக்கிவிடலாமே என்று திவ்யாவிடம் கெஞ்சினார். விளம்பரம் வெளியாகிவிட்டது, முடியாது என்றுவிட்டார். சாயங்காலமானால் கீழே இறங்கிக் கேட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். வாட்ச்மேன் கஜபதியே கேலி செய்தார்: "இன்னா நைனா, கேட்டு ஓடியா பூடும்?"

போன வாரம் மழை பெய்து தெருவெல்லாம் மறுபடி தண்ணீர் ஏறியதே, அன்றைக்குக் கஜபதி வரவில்லை. விளக்கு வைக்கிற நேரம். நான் கீழே நின்றிருந்தேன். ராகவன் சாவியோடு ஓடி வந்தார். "யாரோ தட்றாங்க சிவா, உனக்குக் கேக்குதா?"

யாரும் தட்டவில்லை. "கேக்குதுண்ணா. பொம்பளக் குரல்" என்றேன்.

கேட்டில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்துகொண்டு தெருத் தண்ணீரில் இறங்கினார். அவர் பூட்டிலேயே விட்டுப்போன சாவியால் கதவைப் பூட்டினேன். கொஞ்ச நேரம் தேடிவிட்டு வந்து தட்டினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், தன் பிள்ளைகள் பெயரையும் சொன்னார். எனக்கு எல்லாம் நன்றாகக் கேட்டது. மழையில் கேட்காது என்பது பொய் சார். பிறகு பின்பக்கம் சுற்றிப் போனார். கால்வாய்க்கு இன்னும் மூடி போடவில்லை. சங்கத்தில் அது அவர் பொறுப்பு. சத்தம் நின்ற பிறகுதான் மாடி ஏறினேன். கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அக்காவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

அந்தக் குரலா? அது அக்காவுடையதேதான், அன்றைக்கு அனுப்பிய வாட்ஸ்அப் பதிவு. ராகவன் நம்பர் அவளிடம் கிடையாது, எனக்குத்தான் வந்தது. நான் வீட்டில் முதல் பாகத்தை ஆடிச் சோதித்துக்கொண்டிருந்தேன்; மறுநாள்தான் கேட்டேன். முழுசாகக் கேட்கிறீர்களா? "டேய் சிவா, நீ ஊட்லதான கீற? ஹெட்போனைக் கழட்டுடா, எவ்ளோ நேரமா கூப்டுறேன். கீழ வந்து கேட்டைத் தொறடா." கடைசி வரியை மட்டும் வைத்துக்கொண்டு முன்னால் இருந்ததை வெட்டிவிட்டேன். கதைக்கு அது தேவைப்படவில்லை சார்.