மடிக்கிற போர்டும் மடிக்காத போர்டும்

ஜவஹர்: …அப்ப இந்தப் போர்டுக்குள்ள வெறும் காத்து மட்டுந்தானா?

அகரன்: காத்துதான் பாய். ஆனா முழுசா அடிச்சுட்டா பலகை மாதிரி வெறைச்சுக்கும். மேல ஏறிக் குதிச்சாலும் அமுங்காது.

ஷஃபீனா: காத்தை நம்பி ஆத்துல எறங்குறதா? வீட்டுல சைக்கிள் டியூபே வாரம் ஒருதரம் எறங்கிப் போயிருது.

ஜவஹர்: நீ சும்மா இரு ஷஃபீனா. கத்தார்ல பாதிப்பேரு இதுலதான் நின்னுக்கிட்டுத் துடுப்புப் போடுறான். நான் பாக்காததா… க்ஹூம்… க்ஹூம்…

அகரன்: தண்ணி குடிங்க பாய்.

ஷஃபீனா: அது தண்ணிக்கு அடங்காது தம்பி. ஏசி ரூம்புல வாங்குன இருமல். ஊருக்கு வர்றப்ப அத்தர் மறந்தாலும் மறப்பாங்க, இது தவறாம கூட வந்துரும்.

அகரன்: கத்தார்லயா பாய் இருந்தீங்க? எப்ப வந்தீங்க? எப்ப போறீங்க?

ஜவஹர்: வந்து… ஒரு மூணு மாசம் இருக்கும்.

ஷஃபீனா: போகலை தம்பி. இனிமே சபர், பயணம் எதுவும் கெடையாது. இருபது வருஷம் வெளிநாட்டுல கெடந்தது போதும்னு முடிச்சுக்கிட்டு வந்துட்டாங்க. அப்படித்தானே மச்சான்?

ஜவஹர்: ம்… நீ மொதல்ல போர்டைப் பாரு.

ஷஃபீனா: அதான் கேட்டேன். இருக்கறவங்களுக்கு ஏத்த போர்டுதானே பாக்கணும்.

அகரன்: அதுவும் சரிதான் அக்கா. யாரு நிக்கப் போறது, எங்க நிக்கப் போறதுன்னு தெரிஞ்சாத்தான் நான் போர்டு எடுத்துக் காட்ட முடியும். ஆத்துலயா, கடல்லயா?

ஜவஹர்: கடல்லதான்!

ஷஃபீனா: ஆத்துலதான் தம்பி. அரசலாத்துல.

ஜவஹர்: ஆறெல்லாம் ஒரு தண்ணியா? கொளம் மாதிரி கெடக்கு.

அகரன்: பாய், புதுசா ஏறுறவங்களுக்குக் கொளம் மாதிரி கெடந்தாத்தான் நல்லது. மொகத்துவாரத்துக்கிட்ட போயிட்டா ஆத்துத் தண்ணி ஒருபக்கம் இழுக்கும், அலை ஒருபக்கம் தள்ளும். பழகுறவரைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் போதும்.

ஜவஹர்: நான் புதுசு இல்லப்பா.

ஷஃபீனா: ஆமாம் தம்பி. மச்சான் கத்தார்லேந்து எத்தனை வீடியோ அனுப்பிருக்காங்க தெரியுமா? சாயங்காலம் சூரியன் எறங்குற நேரம்… கடல் பொன்னா மின்னும். தூரத்துல சின்னதா ஒரு ஆளு நின்னுக்கிட்டு, மெதுவா, அலுங்காம துடுப்புப் போட்டுப் போவாங்க. யாருங்க அதுன்னு கேட்டா, நான்தான்டின்னு எழுதுவாங்க.

ஜவஹர்: அதெல்லாம் இப்ப எதுக்கு?

ஷஃபீனா: ஊருக்கு வந்தா உனக்கும் ஒண்ணு எடுத்துத் தரேன், ரெண்டு பேரும் சேந்து போகலாம்னு சொன்னீங்கள்ல? அதுக்குத்தானே வந்துருக்கோம்.

ஜவஹர்: அதான் எடுத்துத் தரேங்கிறேனே! தம்பி, அந்த மூலையில ஒல்லியா நீட்டா நிக்குதே, அது என்ன?

அகரன்: அது ரேஸ் போர்டு. வேகமா போகும், ஆனா அகலம் கம்மி. பழக்கம் இல்லன்னா நிமிந்து நிக்கறதுக்குள்ள கவுத்து விட்டுரும்.

ஜவஹர்: எனக்கு அது சரியா இருக்கும்.

அகரன்: அப்படியா? சும்மா இந்தத் துடுப்பைப் பிடிச்சுக் காட்டுங்க, உயரம் சரியான்னு பாப்போம்.

ஜவஹர்: இந்தா… இப்படி.

அகரன்: பாய்… அதைத் திருப்பிப் பிடிக்கணும்.

ஜவஹர்: எதை?

அகரன்: துடுப்போட தட்டை. அந்த வளைவு முன்னாடி பாத்து இருக்கணும். நீங்க பின்னாடி பாக்க வச்சிருக்கீங்க.

ஜவஹர்: அங்க… அங்க இப்படித்தான் பிடிப்பாங்க.

ஷஃபீனா: அரபு நாட்டுல எழுத்துதான் வலதுலேந்து இடதா போகும்னு நெனச்சேன். துடுப்புமா?

ஜவஹர்: கிண்டல் பண்ணாதே புள்ள.

அகரன்: பரவால்ல பாய், நெறைய பேரு அப்படித்தான் பிடிப்பாங்க. நம்ம ஒசரத்தை விட ஒரு சாண் கூடுதலா துடுப்பு இருந்தா போதும். இந்தாங்க அக்கா, இது உங்களுக்கு.

ஜவஹர்: எனக்கு அளந்தே. அவளுக்கு அளக்காமலே குடுக்கிறே?

அகரன்: அது… கண்ணளவு பாய். தொழில் பழக்கம்.

ஷஃபீனா: எடை கேப்பீங்கள்ல தம்பி? கேளுங்க.

அகரன்: ஆமா பாய், எடை முக்கியம். ஒவ்வொரு போர்டும் இவ்வளவுதான் தாங்கும்னு இருக்கு. அதுக்கு மேல ஏறுனா முழுகாது, ஆனா பாதி அமுங்கி எருமை மாதிரி நவுரும். உங்க எடை எவ்வளவு?

ஜவஹர்: எண்பது.

ஷஃபீனா: எண்பதா! வந்த மூணு மாசமா நான் போட்ட பரோட்டா எங்க போச்சு? தொண்ணூறுன்னு வச்சுக்கங்க தம்பி.

ஜவஹர்: நீ தூக்கிப் பாத்தியா?

ஷஃபீனா: நம்ம வீட்டுல பெட்டியைத் தொங்கவிட்டு எடை பாக்கிற தராசுதானே இருக்கு. அதுல உங்களை மாட்டலாம்னா கொக்கி தாங்காது.

அகரன்: தொண்ணூறுக்கே பாப்போம். அப்படின்னா பத்தரை அடி நீளம், அகலம் முப்பத்திரெண்டு இஞ்சு, அதுக்குக் கொறையக் கூடாது. அகலம் இருந்தாத்தான் ஆடாது. இந்த அளவுல ரெண்டு தினுசு இருக்கு. ஒண்ணு நீங்க பாத்த காத்தடிக்கிறது. இன்னொண்ணு அந்த மஞ்சக் கலரு, கெட்டியான போர்டு. தண்ணியில கெட்டிதான் சுகம். துடுப்பு ஒரு போடு போட்டா வழுக்கிக்கிட்டுப் போகும்.

ஷஃபீனா: எனக்கு அதான்.

ஜவஹர்: அதை எங்க கொண்டு போயி வைக்கிறது? பத்தரை அடி! பட்டினத்து வீடு, நடை எவ்வளவு அகலம் தெரியும்ல? மடிச்சுப் பைக்குள்ள வைக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

ஷஃபீனா: மாடிப்படிக்குக் கீழ எடம் இருக்கு. நடையிலேந்து சாய்ச்சு உள்ள நீட்டுனா சரியா நிக்கும்.

ஜவஹர்: நீ எப்படிச் சொல்றே?

ஷஃபீனா: அளந்தேன். சேலையில ரெண்டு முடிச்சுப் போட்டு அளந்தேன்.

ஜவஹர்: இங்க வர்றதுக்கு முன்னாடியேவா? பத்தரை அடின்னு உனக்கு யாரு சொன்னா?

ஷஃபீனா: …எல்லாம் ஒரு உத்தேசந்தான்.

ஜவஹர்: சரி, புர்காவோட இது மேல எப்படி ஏறுவே? அதையும் உத்தேசமா யோசிச்சியா?

ஷஃபீனா: தண்ணிக்குன்னு ஒடம்பு முழுக்க மூடுற மாதிரி டிரஸ் இருக்கு. கழுத்துலேந்து கணுக்கால் வரைக்கும். தலைக்கும் சேத்தே வருது.

ஜவஹர்: எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கியே!

ஷஃபீனா: புருஷன் கடல்ல நிக்கறப்ப பொண்டாட்டிக்குக் கொஞ்சமாவது தெரியணும்ல.

அகரன்: அப்ப மஞ்சளை எடுத்துக் காட்டவா பாய்?

ஜவஹர்: இரு இரு… இந்தக் காத்தடிக்கிறது இருக்கே, பைக்குள்ள என்னென்ன வரும்?

அகரன்: போர்டு, மூணு துண்டா கழட்டுற துடுப்பு, பம்பு, காலுல மாட்டுற கயிறு, அடியில சொருகுற செட்டை. எல்லாம் ஒரே பைதான். முதுகுல மாட்டிக்கிட்டே போகலாம்.

ஜவஹர்: மொத்தமா என்ன எடை?

அகரன்: பன்னெண்டு கிலோ.

ஜவஹர்: பன்னெண்டா… அப்ப பதினெட்டு மிச்சம்.

அகரன்: எதுல பாய் மிச்சம்?

ஜவஹர்: …ஒண்ணுமில்ல. சும்மா.

ஷஃபீனா: எதுல மச்சான் பதினெட்டு மிச்சம்?

ஜவஹர்: சும்மா ஒரு கணக்கு புள்ள…

ஷஃபீனா: எனக்கா தெரியாது அந்தக் கணக்கு? ஒவ்வொரு தடவையும் உங்க பெட்டியைக் கதவுல தொங்கவிட்டு முள்ளு பாத்தவ நான். ஊறுகாயை எடு, முறுக்கை வை, முப்பது தாண்டிருச்சு, லுங்கி ஒண்ணைக் கொறைன்னு… பிளேன்ல முப்பது கிலோ. அதுல பன்னெண்டு போனா பதினெட்டு. எப்ப போறீங்க?

ஜவஹர்: ஷஃபீனா… வீட்டுக்குப் போயி பேசுவோம்.

அகரன்: நான் வேணா டீ சொல்லிட்டு வந்துர்றேன் அக்கா…

ஷஃபீனா: நில்லுங்க தம்பி. நீங்க போயிட்டா இவங்க பேச்சை மாத்திருவாங்க. எப்ப மச்சான்?

ஜவஹர்: அடுத்த மாசம். பழைய கம்பெனிக்காரனே கூப்பிட்டான். விசா வந்துருச்சு. ரெண்டே ரெண்டு வருஷந்தான்…

ஷஃபீனா: அப்ப மெட்ராஸ்ல நூருல் அமீன் வீட்டு நிக்காஹ்னு போனீங்களே, அது விசா மெடிக்கலுக்கா?

ஜவஹர்: நிக்காஹ்வும் இருந்துச்சு.

ஷஃபீனா: பிரியாணி நல்லா இல்லைன்னு வேற வந்து சொன்னீங்க!

ஜவஹர்: அது நெசமாவே நல்லா இல்ல…

ஷஃபீனா: சிரிப்புக் காட்டாதீங்க. மூணு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை… இங்க நம்ம வீட்டுல என்ன கொறைச்சல்?

ஜவஹர்: கொறை ஒண்ணும் இல்ல. அதான் எனக்குச் சொல்லத் தெரியலை. காலையில எந்திரிச்சா சீனி டப்பா எதுன்னு தெரியல. நீ இல்லாதப்ப கேஸ்காரன் வந்தான், சிலிண்டர் எங்க மாட்டுறதுன்னு அவன் எனக்குக் காட்டுறான். நீயும் பழக்கதோஷத்துல, விருந்தாளிக்கு எடுக்கிற தட்டுலதான் எனக்குச் சோறு வைக்கிறே.

ஷஃபீனா: அது நல்ல தட்டுன்னு வச்சேன் மச்சான்.

ஜவஹர்: தெரியும் புள்ள. பள்ளிவாசலுக்குப் போனா சலாம் சொல்ற கையோட எப்ப போறீங்கன்னு கேக்குறான். இந்தத் தம்பி கேட்டாரு பாரு… கடை வாசப்படி ஏறி ரெண்டு நிமிஷம் ஆகல.

அகரன்: ஐயோ பாய், மன்னிச்சுருங்க. இங்க எல்லாரும் கேக்கறதுதானேன்னு…

ஜவஹர்: நீ என்னப்பா பண்ணுவே. யாருமே இங்கயே இருந்துருவீங்களான்னு கேக்கலை. கேட்டுக் கேட்டு எனக்கே பெட்டி கட்டணும் போல ஆயிருச்சு.

ஷஃபீனா: மடிக்க முடியாத சாமான் ஒண்ணு வாங்கி வச்சா ஆளும் இங்கயே இருந்துருவாங்கன்னு நெனச்சேன். அதுக்குத்தான் கெட்டிப் போர்டுன்னு அடம்பிடிச்சேன். நான் ஒரு பைத்தியக்காரி.

ஜவஹர்: வேணும்னா… போகலைன்னு சொல்லிரட்டுமா?

ஷஃபீனா: இப்படி இழுத்துக்கிட்டுச் சொல்றதா இருந்தா வேணாம். போயிட்டு வாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல ஒரு நாள் கூட விட மாட்டேன். ஆனா அந்தக் காத்தடிக்கிற போர்டை எதுக்கு அங்க தூக்கிட்டுப் போறீங்க?

ஜவஹர்: வெள்ளிக்கிழமை லீவு. ஜும்ஆ தொழுகை முடிஞ்சா ரூம்புல ஆறு பேரும் செல்லை நோண்டிக்கிட்டுக் கெடப்போம். சொந்தமா ஒண்ணு இருந்தா கடல்ல போயி நிக்கலாம்ல.

ஷஃபீனா: சரி. தம்பி, அதை மச்சானுக்குக் கட்டிருங்க. எனக்கு மஞ்சள்.

ஜவஹர்: ரெண்டா? நீ தனியா எப்படி? உனக்கு யாரு கத்துக்குடுப்பா? நான் கெளம்புறதுக்குள்ள வேணா நானே…

அகரன்: பாய்… அக்கா, சொல்லிரட்டுமா?

ஷஃபீனா: சொல்லுங்க. இனி மறைச்சு என்ன ஆகப் போகுது.

அகரன்: அக்கா போன வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சதுலேந்து இங்க வர்றாங்க பாய். காலையில பொம்பளைங்களுக்குன்னு எங்கூடப் பொறந்த அக்கா முத்தமிழ் ஒரு கிளாஸ் எடுக்குது. அதுல இவங்கதான் மொத ஆளு. அந்த மஞ்சப் போர்டு இவங்க பழகுனதுதான். நின்னாங்கன்னா பாலம் வரைக்கும் போயிட்டு நனையாம திரும்பி வருவாங்க.

ஜவஹர்: ஷஃபீனா! எங்கிட்ட ஏன் சொல்லலை?

ஷஃபீனா: நீங்க மொதமொதல்ல ஆத்துல எறங்குறப்ப திடீர்னு பக்கத்துல வந்து நிக்கணும்னு இருந்தேன். உங்க வீடியோவைப் பாத்துத்தான் ஆசை வந்துச்சு. புருஷன் நடுக்கடல்ல நிக்கிறாரு, நான் மட்டும் கரையில நின்னா நல்லாவா இருக்கும்? எத்தனை தடவை விழுந்தேன் தெரியுமா… மூக்கு வழியா ஆத்துத் தண்ணி ஏறி ஏறி, உங்களை நெனச்சுத்தான் எந்திரிச்சேன்.

ஜவஹர்: அந்த வீடியோ…

ஷஃபீனா: அது இருக்கட்டும், இங்கயே கத்துக்குடுக்குறேன். மொதல்ல இந்தச் சட்டையை மாட்டுங்க. மெதக்குற சட்டை, பட்டையை இறுக்கிக்கங்க. கால்ல கயித்தைக் கட்டுங்க. ஏறுனவுடனே நிக்கக் கூடாது, நடுவுல கைப்பிடிக்கு ரெண்டு பக்கமும் முட்டி போட்டு உக்காரணும். அப்புறம் ஒவ்வொரு காலா. தண்ணியைக் குனிஞ்சு பாத்தா விழுவீங்க, எதிர்க்கரையைப் பாருங்க. துடுப்பைத் திருப்பிப் பிடிங்க மச்சான்.

ஜவஹர்: சரி… இப்படியா? சரி. அங்க போனதும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் நிக்கிறதை வீடியோ எடுத்து அனுப்புறேன். க்ஹூம்… க்ஹூம்… பாத்துக்கிட்டே இரு.

ஷஃபீனா: அனுப்புங்க. ஆனா இந்தத் தடவை இருமல் சத்தம் அந்தப் போர்டு மேலேந்து வரணும். இத்தனை நாளும் கேமராவுக்குப் பின்னாடிலேந்துதான் கேட்டுச்சு மச்சான்.